பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்

அந்தப் பத்திரிகை எங்கள் ஊரில் விற்பதில்லை. நாட்டின் கிழக்குக் கரையில் அச்சாகி, அங்கே இருப்பவர்களே படித்து, அங்கே இருப்பவர்களே மெச்சிக்கொள்கிற பத்திரிகை. ஆனாலும் கட்டுரை வந்த அன்று மதியச் சாப்பாட்டுக்குள் எங்கள் கார்வர் ஃபோர்க்கில் எல்லார் கைப்பேசியிலும் அது வந்து சேர்ந்துவிட்டது. அனுப்பியவர்கள் வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள். பெரும்பாலும் ஒரே கேள்வியோடு: "அம்மா, யாரு இது?"

எழுதியவள் டெஸ்ஸா பிரான்வோல்ட் என்ற நிருபர். அக்டோபரில் வந்து சில நாள் தங்கியிருந்தாள். அதிபருக்கு அள்ளிக் கொட்டி ஓட்டுப் போட்ட ஓஹாயோ ஊர் ஒன்று இப்போது என்ன நினைக்கிறது என்று எழுதப் போவதாகச் சொன்னாள். எங்களோடு உட்கார்ந்து ஆப்பிள் பை சாப்பிட்டாள். வெண்டல் ஓக்ஸின் பௌலிங் கூடத்தில் கட்டைகளைச் சாய்க்கப் பந்து உருட்டினாள். பந்து பாதி வழியிலேயே சாக்கடை மாதிரி இருக்கும் ஓரப் பள்ளத்தில் விழுந்தது, அதற்கு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். எங்களுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதுதான் பின்னால் எல்லாருக்கும் உறுத்தியது.

கார்லண்ட் ஸ்டக்கி மட்டும் முதலிலேயே எச்சரித்தான். "அவங்க ஏற்கெனவே எழுதி முடிச்சிட்டாங்கடா. பேரை நிரப்புறதுக்குத்தான் இங்க வர்றாங்க." அவன் எங்கள் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குத் தலைவன். பெரிய உடம்பு, பெரிய குரல். ஊரில் எது நடந்தாலும் அவனுக்கு ஒரு கருத்து இருக்கும், அந்தக் கருத்துக்கு ஊரில் மதிப்பும் இருக்கும். நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். அவனோடு ஒரே பௌலிங் அணியில் இருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் யாரும் பேசாதீர்கள் என்று எங்களிடம் சொல்லிவிட்டு, அவனே அவளிடம் ஒரு பிற்பகல் முழுக்கப் பேசினான். கேட்டதற்கு, "நான் பேசலேன்னா வேற எவனாவது பேசிருவான்" என்றான்.

கட்டுரையில் முக்கால்வாசி எங்கள் ஆட்கள்தான். கார்லண்ட் சொன்னது பெயரோடு இருந்தது. விதைக் கடை பர்ல் ஹேட்சர் சொன்னது இருந்தது. எல்லாரும் அதிபரைப் புகழ்ந்திருந்தார்கள். எதிலும் ஒரு சொல்கூட மாறவில்லை. ஆனால் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பத்தி வந்தது.

"இரண்டு தடவை அவருக்கு ஓட்டுப் போட்டேன். தேர்தல் சமயத்தில் வாசலில் அவர் பெயர்ப் பலகையும் வைத்தேன். இப்போதெல்லாம் தொலைக்காட்சியில் அவர் முகம் வந்தால் எழுந்து போய்விடுகிறேன். ஏதோ எடுக்கப் போகிறவர் மாதிரி போவேன். வீட்டில் யாருக்கும் தெரியாது." இப்படிச் சொன்னவர், பெயர் சொல்ல விரும்பாத ஒருவர். காரணமும் போட்டிருந்தது: "நான் இந்த ஊரில்தானே இருக்க வேண்டும்."

கட்டுரையின் தலைப்பே அதுதான்: 'எழுந்து போய்விடுகிறேன்.'

அன்று சாயங்காலம் பௌலிங் கூடத்தில் யாரும் பந்தைத் தொடவில்லை.

"பாத்தீங்களா?" என்றான் கார்லண்ட். "பேரு, ஊரு, தொழில் எல்லாம் போட்டு நாங்க பேசினது உள்ள இருக்கு. பேரில்லாத ஒருத்தர் சொன்னது தலைப்புல இருக்கு. இதுக்குப் பேருதான் அவங்க ஊர்ல நடுநிலைமை."

"ஆணா பொண்ணான்னுகூடப் போடலை பாரு" என்றான் பர்ல்.

"எப்படிப் போடுவா? இருந்தாத்தானே போடுறதுக்கு! அப்படி ஒரு ஆளே கிடையாது. ராத்திரி லாட்ஜ்ல உக்காந்து அவளே எழுதிக்கிட்டது" என்றான் கார்லண்ட்.

எல்லாரும் தலையாட்டினோம். அப்படி ஒரு ஆளே இல்லை என்று முடிவாகிவிட்டது. ஆனால் முடிவான அந்த நிமிடத்திலேயே மதுக் கவுண்டருக்கு மேலிருந்த தொலைக்காட்சியில் அதிபர் வந்தார். ஏதோ விமானத்தின் படியில் நின்று கையசைத்தார். கூடத்தில் ஒருவரும் அசையவில்லை. எனக்கு வெகு நேரமாகக் கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது. எழுந்திருக்கலாமா என்று பார்த்தேன். கார்லண்ட் திரையைப் பார்க்கவில்லை, எங்களைத்தான் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் காலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அதிபர் படி ஏறி முடிக்க அன்று ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் வெண்டல் ரிமோட்டை எடுத்து மாற்றினார்.

வெண்டல் எப்போதுமே அப்படித்தான். எழுபது வயதில், மனைவியை இழந்து, அந்தக் கூடத்தையே வீடாக வைத்திருப்பவர். அரசியல் வந்தால் மாற்றிவிடுவார். எந்த அதிபர் வந்தாலும் மாற்றுவார். சண்டை வந்தால் பந்து உருட்ட ஆள் இருக்காது என்பது அவர் கணக்கு. பல வருஷமாக நாங்கள் அதைக் கவனித்ததே இல்லை. அன்று எல்லாரும் கவனித்தோம்.

"ஏன் வெண்டல் மாத்தினீங்க?" என்றான் பர்ல்.

"மேட்ச் ஆரம்பிச்சிருச்சு."

"எங்க ஆரம்பிச்சுச்சு? டயர் விளம்பரம்ல ஓடுது."

கார்லண்ட் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னான்: "ரிமோட் கையில இருந்தா எழுந்து போற வேலை மிச்சம், இல்லையா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெண்டலும் கொஞ்சம் சிரித்தார். கார்லண்ட் அதைச் சிரிப்புக்குத்தான் சொன்னான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் தீயணைப்புப் படைத் தலைவன் சொன்னது பேச்சாக நிற்காது, தகவலாக ஊரைச் சுற்றும். அடுத்த வாரம் பெண்கள் அணி வரவில்லை. அதற்கடுத்து சர்ச் அணி பக்கத்து ஊர்க் கூடத்துக்குப் போனது. வெண்டல் வாசலில் வைத்திருந்த அதிபரின் பெயர்ப் பலகையை யாரோ பிடுங்கித் தலைகீழாக நட்டுவிட்டுப் போனார்கள். அவர் அதை நேராக நட்டார். மறுபடி யாரோ தலைகீழாக்கினார்கள். தீயணைப்புப் படைக்கு நிதி சேர்க்க வருஷாவருஷம் டிசம்பரில் நடக்கும் பான்கேக் விருந்து, எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து வெண்டல் கூடத்தில்தான். அந்த வருஷம் அது சர்ச்சின் கீழ்த்தளத்துக்கு மாறியது. கார்லண்ட் அதற்குச் சம்மதம் சொன்னான்.

"அப்படி ஒரு ஆளே கிடையாதுன்னியே, அப்புறம் வெண்டலை ஏன்டா ஒதுக்குறீங்க?" என்று அவனிடம் கேட்டேன்.

"நான் ஒதுக்கலை. ஊர்ல பேசுறாங்க, நான் என்ன பண்றது?" என்றான்.

அவனுக்கு அதைவிடப் பெரிய கவலை வீட்டில் இருந்தது. அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவனும் சொன்னான், அவன் மனைவி நோரீனும் சொன்னாள். இரண்டு பேர் சொன்னதும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தது.

நோரீன் பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். அதிகம் பேசமாட்டாள். அவர்கள் வீட்டு வாசலில் இருந்த பலகையைத் தன் கையால் சுத்தியல் வைத்து அடித்தவள் அவள்தான். சாயங்காலம் இருவரும் தொலைக்காட்சி முன் உட்காருவார்கள். கார்லண்டுக்கு ஒரு பழக்கம். தனக்குப் பிடித்த சேனலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பிடிக்காத சேனல்களை ஒவ்வொன்றாகப் போடுவான். பொய்யைப் பிடிப்பதற்காக. "பாரு, கூட்டத்தைக் காட்டவே மாட்டேங்கிறான். பாரு, பாதில வெட்டிட்டான்" என்று திரையைப் பார்த்துக் கத்துவான். கட்டுரை வந்த வாரத்தில்தான் அவன் ஒன்றைக் கவனித்தான். அதிபர் வந்ததும் நோரீன் எழுந்து போகிறாள். காபி எடுக்க, அல்லது நாய்க்குத் தண்ணீர் வைக்க.

அவன் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் நோரீன் வேலையிலிருந்து வந்தபோது காபி மிஷின் வரவேற்பறையில், தொலைக்காட்சிக்குப் பக்கத்துச் சிறு மேஜையில் இருந்தது.

"இது ஏன் இங்க இருக்கு?"

"சும்மாதான். ஒவ்வொரு தடவையும் எழுந்து போறியே, உனக்கு வசதியா இருக்கட்டுமேன்னு."

அன்று அவள் பிஸ்கட் எடுக்கப் போனாள். மறுநாள் பிஸ்கட் டப்பாவும் வந்துவிட்டது. அதற்கடுத்த நாள் நாயின் தண்ணீர்க் கிண்ணம் சோபாவுக்குக் கீழே இருந்தது. நாய் அதைத் தட்டிவிட்டுக் கம்பளத்தை நனைத்தது. நோரீன் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்தி, தரையில் உட்கார்ந்தபடியே அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்தான் அந்த ஆளுன்னு நினைக்கிறியா?"

"அப்படி ஒரு ஆளே கிடையாது."

"அப்ப காபி மிஷின் ஏன் அடுக்களையை விட்டு வந்துச்சு?"

அவன் ரிமோட்டை எடுத்து ஒலியைக் குறைத்தான்.

"நான் எழுந்து போறது நெஜம்தான் கார்லண்ட். அவர் மூஞ்சியைப் பாத்து இல்ல. உன் மூஞ்சியைப் பாத்து. அந்தச் சேனலைப் போட்டதும் உன் கழுத்து நரம்பெல்லாம் எப்படிப் புடைக்குதுன்னு உனக்குத் தெரியுமா? உங்கப்பா அப்படி ஒரு சாயங்காலம்தான் நாற்காலில சரிஞ்சார். என்னால அங்க உக்காந்து அதைப் பாக்க முடியல."

கார்லண்ட் அதைக் கேட்டு மனைவியின் கையைப் பிடித்திருக்க வேண்டும். அவன் கேட்டது இது: "இதையெல்லாம் அந்த நிருபர்கிட்டச் சொன்னியா?"

நோரீன் எழுந்தாள். காபி மிஷினின் ஒயரைப் பிடுங்கி, மிஷினை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

அவள் இல்லை என்று சொல்லவில்லையே என்பதுதான் அவனை அரித்தது. மறுநாள் பகலில் தீயணைப்பு நிலையத்தில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து டெஸ்ஸாவைக் கூப்பிட்டான்.

"சொல்லுங்க ஸ்டக்கி சார்" என்றாள் அவள், எதிர்பார்த்துக்கொண்டிருந்த மாதிரி.

"அந்தப் பேரில்லாத ஆளு. உங்க ஆபீஸ்ல யாரு கண்டுபிடிச்சாங்க? நீயா, உன் மேலதிகாரியா?"

"யாரும் கண்டுபிடிக்கலை சார். என் முன்னால உக்காந்து பேசினாங்க. யாருன்னு நான் சொல்ல முடியாது. உங்களுக்கு நான் ஒரு வாக்குக் கொடுத்திருந்தா அதையும் இப்படித்தான் காப்பாத்துவேன்."

"தலைப்பு?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "தலைப்பு நான் வைக்கிறதில்ல. எனக்கும் அது பிடிக்கலை. ஆனா நீங்க சொன்னதுல ஏதாவது தப்பாப் போட்டிருக்கேனா?"

"இல்ல. எல்லாம் சரியாத்தான் இருக்கு. அதான் எனக்குச் சந்தேகம்."

"புரியல சார்."

"மத்ததெல்லாம் சரியா எழுதினா, இந்த ஒண்ணையும் நம்பிருவோம்னு ஒரு கணக்கு இருக்கும்ல?"

அவள் பெருமூச்சு விட்டது அவனுக்குக் கேட்டது. "தப்பா எழுதினா பொய்னு சொல்வீங்க. சரியா எழுதினா பொறின்னு சொல்றீங்க. நான் எப்படித்தான் எழுதுறது?"

கார்லண்ட் குரலைத் தாழ்த்திக்கொண்டு, தான் கேட்க வந்ததைக் கேட்டான். "ஒண்ணு மட்டும் சொல்லும்மா. என் வீட்டு ஆள் இல்லைன்னு மட்டும் சொல்லு. போதும்."

"உங்களுக்கு இல்லைன்னு சொன்னா, அடுத்து கூப்பிடுறவங்களுக்கும் சொல்லணும். உங்க ஊர்லருந்து நிறையப் பேர் கூப்பிட்டாங்க சார். எல்லாரும் இதையேதான் கேட்டாங்க. என் வீட்டுக்காரரா, என் பொண்டாட்டியா, என் தம்பியான்னு."

"யார் யாரு கூப்பிட்டா?"

"அதையும் சொல்ல முடியாது" என்றாள்.

அன்று அவன் நிலையத்திலிருந்து வெளியே வந்து தெருவைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றான். நான் பேருந்தை நிறுத்திவிட்டு வரும் வழியில் அவனைப் பார்த்தேன். "இந்தத் தெருவுல யார் வீட்லயும் யாரும் யாரையும் நம்பலைடா" என்றான். போனில் நடந்ததை அப்போதுதான் எனக்குச் சொன்னான்.

இதற்குள் பர்ல் சும்மா இருக்கவில்லை. எங்களுக்குப் பிடித்த சேனலுக்கு எழுதிப் போட்டிருந்தான். பெரிய பத்திரிகை ஒன்று எங்கள் ஊர் பெயரில் பொய் ஆளை உருவாக்கியிருக்கிறது, வந்து பாருங்கள் என்று. அவர்கள் வந்துவிட்டார்கள். வெள்ளை வேன், விளக்குகள், கோல்பி ரான்ஸ் என்ற தொகுப்பாளர். கார்லண்ட் தினமும் சாயங்காலம் பார்க்கிற முகம். அவர் வேனிலிருந்து இறங்கி கார்லண்டின் கையைக் குலுக்கியபோது இவனுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

தீயணைப்பு வண்டிக்கு முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். நான் வண்டியின் மறுபக்கம் ஒதுங்கி நின்றேன். ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது.

"சொல்லுங்க தலைவரே, அந்தப் பத்திரிகை சொல்ற மாதிரி ஒரு ஆள் இந்த ஊர்ல இருக்காங்களா?"

கார்லண்ட் தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான். பிறகு சொன்னான்: "அப்படி ஒரு ஆளே கிடையாதுன்னுதான் முதல்ல நான் எல்லார்கிட்டயும் சொன்னேன். இப்ப அப்படிச் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியல. அந்தத் தலைப்பு வச்சது அயோக்கியத்தனம், அதுல மாத்தமில்ல. ஆனா நான் பேசினதை அந்தப் பொண்ணு ஒரு எழுத்து மாத்தாம போட்டுச்சு. அப்புறம், அந்த ஆளைத் தேடுறேன்னு சொல்லி வெண்டல் ஓக்ஸை நாங்க படுத்தின பாடு இருக்கே, அது அந்தத் தலைப்பை விட மோசம். ஆரம்பிச்சது நான்தான். அதையும் போடுங்க."

கோல்பி ரான்ஸ் சிரித்தபடியே தலையாட்டினார். "அருமை. ரொம்ப நேர்மையாப் பேசினீங்க" என்று தோளில் தட்டினார்.

இரண்டு நாள் கழித்து ஒளிபரப்பு. பர்லின் விதைக் கடையில் மூட்டைகளை ஒதுக்கி, பெரிய திரை வைத்து, நாற்காலி போட்டார்கள். ஊரில் பாதி அங்கே இருந்தது. நோரீனும் வந்திருந்தாள். வெண்டலை யாரும் கூப்பிடவில்லை.

எங்கள் பிரதான தெரு வந்தது. தேவாலயக் கோபுரம் வந்தது. பிறகு கார்லண்டின் முகம், பின்னால் சிவப்பு வண்டி.

"அப்படி ஒரு ஆளே கிடையாது" என்றது அந்த முகம். உடனே அடுத்து: "அந்தத் தலைப்பு வச்சது அயோக்கியத்தனம்."

அவ்வளவுதான். கடையே அதிரும்படி கைதட்டினார்கள். 'கிடையாது' என்பதோடு ஒட்டிக்கொண்டிருந்த அந்த 'ன்னுதான்' என்பதைக் கத்தரித்து எறிந்திருந்தார்கள். எங்கே வெட்டினார்கள் என்று தெரியவே இல்லை, அவ்வளவு சுத்தமாக இருந்தது. பக்கத்தில் நின்று கேட்ட எனக்கே, ஒருவேளை இவன் இவ்வளவுதான் சொன்னானோ என்று ஒரு நொடி தோன்றியது.

பர்ல் அவன் முதுகில் ஓங்கி அடித்தான். "போட்டேடா ஒரு போடு!"

"நான் அதைச் சொல்லலை" என்றான் கார்லண்ட்.

"என்ன சொல்லலை? நீதானே பேசினே? உன் வாய்தானே அது?"

"வெட்டிட்டாங்க. வெண்டலைப் பத்தியும் சொன்னேன். எல்லாத்தையும் வெட்டிட்டாங்க."

கைதட்டல் ஓய்ந்துவிட்டது. பர்ல் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "நம்ம ஆளுங்க ஏன்டா வெட்டப் போறாங்க?"

"அதான் எனக்கும் தெரியல."

"வெண்டலைப் பத்தி என்ன சொன்னே?"

"நாம பண்ணினது தப்புன்னு சொன்னேன்."

"ஓ" என்றான் பர்ல். அந்த 'ஓ' கடையின் பின்வரிசை வரைக்கும் போயிற்று.

"அவன் சொன்னான், நான் பக்கத்துலயே நின்னு கேட்டேன்" என்றேன் நான். பர்ல் என் பக்கம் திரும்பினான். என்னையும் அதே கண்ணால் மேலும் கீழும் அளந்தான். "சரி சரி. நீங்க ரெண்டு பேரும் எப்பவும் ஒரே அணி ஆச்சே" என்றான். யாரோ திரையை அணைத்தார்கள்.

மறுநாள் கார்லண்ட் சேனலைக் கூப்பிட்டான். யார் யாரிடமோ மாற்றி மாற்றிக் கொடுத்து, கடைசியில் ஒரு இளைஞன் பேசினான். "நேரம் பத்தலை சார். உங்க கருத்தைத்தானே போட்டோம்?"

"அது என் கருத்து இல்ல."

"முன்னாடி உங்க கருத்தா இருந்துச்சுல்ல சார்?" என்றான் அவன், மிகவும் மரியாதையாக.

விதைக் கடையிலிருந்து வீட்டுக்குப் போன வழியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். டிரக்கில் நோரீன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வெண்டல் விஷயம், நெஜமாவே அப்படிச் சொன்னியா?"

"சொன்னேன்."

"சரி" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "நான் நம்புறேன்" என்றாள். இன்னும் கொஞ்ச தூரம் போன பிறகு, "நீயும் என்கிட்ட நம்புறேன்னு இப்படி ஒரு வார்த்தையில முடிச்சிருக்கலாம்" என்றாள்.

"நீ இல்லைன்னு சொல்லவே இல்லையே நோரீன்."

"நீ என்னை நேராக் கேக்கவே இல்லையே. அடுக்களைச் சாமானை எல்லாம் நகத்தி நகத்தி வச்சியே தவிர."

"சரி, இப்பக் கேக்குறேன்."

"இப்பச் சொல்ல மாட்டேன்" என்றாள்.

அவள் இன்று வரை சொல்லவில்லை. அவன் மறுபடி கேட்கவும் இல்லை.

அந்த வார வியாழக்கிழமை கார்லண்ட் வெண்டலின் கூடத்துக்குப் போனான். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. வெண்டல் கவுண்டருக்குப் பின்னால், பந்து உருட்ட வருபவர்களுக்குத் தரும் வாடகைக் காலணிகளுக்குக் கிருமி மருந்து அடித்துக்கொண்டிருந்தார்.

"டிவியில உன்னைப் பாத்தேன்" என்றார், நிமிராமல்.

"முழுசாப் போடலை வெண்டல். உங்களைப் பத்திப் பேசினேன். மன்னிப்புக் கேக்குற மாதிரிதான் பேசினேன். வெட்டிட்டாங்க."

"அப்படியா."

"நெஜமா. இவனைக் கேளுங்க."

வெண்டல் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் என்னை நம்பினாரா என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் இன்னொரு காலணியை எடுத்தார்.

"வெட்டிட்டாங்க, திரிச்சிட்டாங்கன்னு இந்தக் கவுண்டர்ல தினம் கேக்குறேன் கார்லண்ட். ஆளுக்கு ஆள் சொல்றாங்க. நீயே எத்தனை தடவை சொல்லியிருக்கே. இந்த ஒரு தடவை நெஜம்னா, நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

கார்லண்டின் பெரிய உடம்பு அப்படியே நின்றது. கத்துவான் என்று நினைத்தேன். அவன் கத்தவில்லை.

"கண்டுபிடிக்க முடியாதுதான்" என்றான். "அதனால இப்ப நேரா உங்ககிட்டயே சொல்றேன். வெட்ட ஆள் இல்ல இங்க. ரிமோட்டைப் பத்தி அன்னைக்கு நான் சொன்னது தப்பு. விருந்தை இங்கருந்து மாத்த விட்டதும் தப்பு."

வெண்டல் மருந்துக் குப்பியைக் கீழே வைத்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "பலகையைத் தலைகீழா நட்டது யாரு?" என்று கேட்டார்.

"தெரியாது. சத்தியமா நான் இல்ல."

"ம்" என்றார். அதையும் நம்பினாரா தெரியவில்லை. பிறகு இரண்டு ஜோடி காலணிகளைக் கவுண்டரில் வைத்து எங்கள் பக்கம் தள்ளினார். நாங்கள் இரண்டு பேரும் அந்தக் காலிக் கூடத்தில் பந்து உருட்டினோம்.

டெஸ்ஸாவுக்குச் சேதி எட்டியிருக்கிறது. அவன் உண்மையில் சொன்னது என்ன என்று எழுதட்டுமா என்று அவளே கூப்பிட்டுக் கேட்டாள். கார்லண்ட் வேண்டாம் என்றான். "நீ போட்டா, அந்தப் பத்திரிகைக்காரி சொல்லிக் கொடுத்துச் சொல்றான்னு ஆயிரும்மா. நானே சொல்லிக்கிறேன்." படையின் அடுத்த கூட்டத்தில் எழுந்து, கேமரா முன் சொன்ன அத்தனையையும் மறுபடி சொன்னான். சிலர் நம்பினார்கள். பர்லும் இன்னும் சிலரும், அந்தப் பெயரில்லாத ஆள் யார் என்று இப்போது தெரிந்துவிட்டது என்பது போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டிசம்பரில் போலவே வசந்தகாலத்திலும் படை நடத்தும் பான்கேக் விருந்தை எங்கே வைப்பது என்று கார்லண்ட் ஓட்டுக்கு விட்டான். வெண்டலின் கூடம் கொஞ்ச வித்தியாசத்தில் ஜெயித்தது.

அதிபரைப் பற்றி அவன் எண்ணம் மாறவில்லை. அந்தப் பெரிய பத்திரிகையைப் பற்றியும் மாறவில்லை. தனக்குப் பிடித்த சேனலைப் பற்றித்தான் பேச்சே எடுப்பதில்லை. யாராவது எடுத்தால், "முழுசாக் கேட்டியா, பாதியக் கேட்டியா?" என்று மட்டும் கேட்பான். அது சிலருக்கு எரிச்சல்.

மார்ச்சில் விருந்து நடந்தது. முன்பு வந்த கூட்டத்தில் பாதிதான் வந்தது. கார்லண்ட் ஏப்ரன் கட்டிக்கொண்டு சூடான கல்லின் முன் நின்று பான்கேக் திருப்பினான், நோரீன் சாஸேஜ் பரிமாறினாள். எல்லாம் முடிகிற நேரத்தில் பர்ல் வந்தான். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றான். கார்லண்ட் அவன் தட்டில் மூன்று வைத்தான். பர்ல் தட்டைப் பார்த்தான், அவனைப் பார்த்தான்.

"அடியில கருகியிருக்கா?" என்றான்.

"திருப்பிப் பாரு" என்றான் கார்லண்ட்.

பர்ல் முள்கரண்டியால் ஒவ்வொன்றாகத் தூக்கி அடியைப் பார்த்தான். பிறகு சிரப் பாட்டிலை எடுத்துக்கொண்டு, சுவர் ஓரமாக இருந்த மேஜைக்குத் தனியாகப் போய் உட்கார்ந்து சாப்பிட்டான்.